மேடவாக்கத்தில் பிடிக்காத பிரேக்

மகனே, கோபப்படாமல் படி என்று எழுதப் போவதில்லை. கோபத்தோடேயே படி. பாதியில் மட்டும் கிழித்துப் போடாதே, கடைசிவரை படித்துவிட்டுக் கிழி. நீ போனில் அனுப்பிய கல்யாணப் பத்திரிகை மாதிரியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று முறை பார்த்தேன். நிவேதிதாவின் பக்கம் அவள் அம்மா, அப்பா, தாத்தா, மாமா என்று வரிசையாக ஆட்கள். உன் பக்கம் என் பெயர் மட்டும் ஒற்றையாக நிற்கிறது. கட்டின புருஷன் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே அவர் இல்லாதவள் மாதிரி என்னை அச்சடிக்கப் பார்க்கிறாய். ஏன்டா இப்படி என்று கேட்டதற்கு, "என் காலை ஒடச்ச ஆளோட பேரு என் பத்திரிகையில வராதும்மா" என்று போனை வைத்துவிட்டாய். அச்சகத்துக்காரர் வெள்ளிக்கிழமைவரை பொறுத்துக்கொள்வார் என்றும் சொன்னாய். அதற்குள் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உன் காலை உடைத்தது அவர் இல்லை, நான்.

சும்மா அம்மாக்கள் சொல்வார்களே, எல்லாம் என் தலையெழுத்து, நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று, அந்த மாதிரி சொல்லவில்லை. இந்தக் கையால் செய்தேன். ஆறு வருஷமாக அதைப் பூட்டி வைத்துக்கொண்டு உனக்குச் சோறு பொங்கிப் போட்டேன், நீ தங்கியிருக்கும் நாவலூருக்கு டப்பாவில் புளிக்காய்ச்சல் கட்டிக் கொடுத்தேன்.

உன் அப்பாவின் கையைப் பற்றி உனக்குக் கொஞ்சம் தெரியும், முழுவதும் தெரியாது. உன்னைப் பெல்ட்டால் அடித்ததெல்லாம் பத்தாம் வகுப்போடு நின்றது. நீ அவர் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாய், அவருக்குப் பயம் வந்துவிட்டது. என் உயரம் அப்படியேதானே இருந்தது. நீ காலேஜுக்குக் கிளம்பிய பிறகும், மாடி அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு படித்தபோதும் கீழே நடந்ததை நான் உன் காதுக்கு வராமல் பார்த்துக்கொண்டேன். பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிற பெண், முழுக்கை ரவிக்கை போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். குளிர்கிறது என்று சொல்லிக்கொள்வேன். செம்பாக்கத்தில் எந்த மாதம் குளிர்ந்தது சொல்லு. உப்பு குறைந்தால் ஒன்று, போன் எடுக்கத் தாமதமானால் ஒன்று. கம்பெனியில் யாராவது அவரை மட்டம் தட்டிப் பேசினால் அன்றைக்கு வீட்டுக்கு வரும் செருப்புச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

வெளியிலும் அவர் கை சும்மா இருக்கவில்லை. கேம்ப் ரோடு மெக்கானிக், வண்டியின் சைலன்சரில் கீறல் போட்டுவிட்டான் என்று அவன் சட்டையைப் பிடித்து ஷட்டரில் மோதினாரே, அது உனக்கும் தெரியும். அவன் வாயில் ரத்தம். நாலு பேர் சேர்ந்து இவரைப் பிடித்துத் தள்ளினார்கள். அதிலிருந்து அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கடையிலும் நம் வண்டியைத் தொடவில்லை. முன் பிரேக் தொளதொள என்று ஆனபோது, "எவன் தயவும் வேணாம், நானே பண்றேன்" என்று ஒரு பாட்டில் பிரேக் ஆயிலும் ஒரு முழம் பிளாஸ்டிக் டியூப்பும் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். வாழ்க்கையில் அதுவரை அவர் ஒரு பஞ்சர்கூடப் பார்த்ததில்லை.

வீடியோ பார்த்துச் செய்வதாகச் சொன்னார். தேடியதில் முதலில் வந்ததைப் போட்டார். அது இந்தியில் இருந்தது. வேறு வீடியோ தேடுவதற்குப் பொறுமை ஏது? கல்யாணத்துக்கு முன்னால் நான் இந்திப் பிரச்சார சபா பரீட்சை நாலு எழுதியவள் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. இவன் என்ன சொல்கிறான் என்று என்னைக் கேட்டுக்கேட்டு அவர் தலையாட்டினார். பிரேக் லிவரை அமுக்கி அமுக்கி, கடைசியில் அமுக்கிய வாக்கிலேயே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். கீழே சக்கரத்துப் பக்கம் இருக்கிற சின்ன நட்டை இன்னொருவர் லேசாகத் திறக்க வேண்டும். பழைய ஆயிலும் காற்றுக் குமிழியும் டியூப் வழியாக வெளியே வரும். நட்டை மூட வேண்டும். மூடிய பிறகுதான் லிவரை விட வேண்டும். மூடும் முன் கையை விட்டால் காற்று திரும்ப உள்ளே ஏறும், அப்புறம் பிரேக் பிடிக்காது, ஆள் செத்தான் என்று அந்த மனிதன் கழுத்தை வெட்டுகிற மாதிரி சைகை காட்டினான். நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன், அந்தக் கடைசி விஷயத்தைத் தவிர. அமுக்கு, திற, மூடு, விடு என்று வரிசையைச் சொன்னால் போதும் என்று நினைத்தேன். அப்போது என் மனதில் ஒன்றும் கிடையாது, சத்தியமாக.

அது ஒரு வெள்ளிக்கிழமை காலை. அவருக்கு லீவு, எனக்கும் லீவு. வேலை முடித்துவிட்டுப் பல்லாவரம் சந்தைக்குப் போய்ப் பழைய டூல் பாக்ஸ் ஒன்று பார்க்க வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. நான் வண்டியின் வலது பக்கம் நின்று லிவரைப் பிடித்திருந்தேன், அவர் தரையில் உட்கார்ந்து நட்டைத் திருகிக்கொண்டிருந்தார். "பிடி" என்பார், பிடிப்பேன். "விடு" என்பார், விடுவேன். நாலைந்து சுற்று நன்றாகத்தான் போயிற்று. நடுவில் மேலே ஆயில் ஊற்றியபோது அவர் அவசரத்தில் பாட்டில் சரிந்து, டேங்க் மேல் கொட்டியது. பிரேக் ஆயில் பட்டால் பெயிண்ட் சுருங்கிக்கொண்டு வரும் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. அவர் சிவப்பு டேங்க் கண் முன்னால் கொப்பளம் கொப்பளமாக எழும்பியது. ஹேண்டிலை நான் ஆட்டியதால்தான் கொட்டியது என்றார். நான் ஆட்டவில்லை என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பக்கத்தில் கிடந்த பெரிய ஸ்பேனரை எடுத்து, லிவரைப் பிடித்திருந்த என் கை மேலேயே இறக்கினார். மோதிர விரல் லிவருக்கும் ஸ்பேனருக்கும் நடுவில் மாட்டியது. எலும்பு உடைகிற சத்தத்தை என் காதால் கேட்டேன். கத்தவில்லை, மேலே நீ இருந்தாய்.

"இன்னும் ரெண்டு மூணு வாட்டி இருக்கு, ஒழுங்கா பிடி" என்று மறுபடி கீழே உட்கார்ந்தார். பிடித்தேன். உடைந்த விரலோடு பிடித்தேன்டா. அவர் நட்டைத் திறந்தார். வலி தோள்வரை ஏறியது, கை தானாக விட்டுவிட்டது. அந்த டியூப்பின் நுனி ஆயிலில் முங்கியிருக்க வேண்டும், இவர் காலி தண்ணீர் பாட்டிலுக்குள் சும்மா தொங்கவிட்டிருந்தார். வெளியே வந்த ஆயில் அப்படியே பின்வாங்கியது. அதன் பின்னாலேயே காற்று உள்ளே ஏறியதை நான் பார்த்தேன். வீடியோவில் அவன் காட்டிய சைகை ஞாபகம் வந்தது. இதுவரை நடந்ததை வலி என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்த இரண்டு தடவையை அப்படிச் சொல்ல முடியாது. நட்டு திறந்திருக்கும்போதே, அவர் "விடு" என்று சொல்வதற்கு முன்னாலேயே, வேண்டுமென்றே விட்டேன். விட்டபோது எனக்குள் ஓடியது ஒரே எண்ணம்தான். இன்றைக்கு இந்த ஆள் சந்தைக்குப் போகும் வழியில் ஏதாவது பஸ்ஸின் அடியில் போகட்டும். அந்த மூளை ரோட்டில் சிதறட்டும். இதைவிட மென்மையாக எழுத எனக்குத் தெரியவில்லை.

நட்டை முறுக்கி மூடிவிட்டு அவர் டேங்க் பெயிண்டைக் கழுவத் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்கு ஓடினார். அங்கிருந்தே கேட்டார், "அமுக்கிப் பாரு, கல்லு மாதிரி இருக்கா?" நான் அமுக்கினேன். லிவர் ஒரு தடையும் இல்லாமல் ஹேண்டிலோடு போய் ஒட்டிக்கொண்டது. "கல்லு மாதிரி இருக்கு" என்றேன். இருபத்து நாலு வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது. பயத்தில் பொய் சொல்லக்கூட வராத பெண்டாட்டி என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. கையைக் கழுவிக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

நான் சமையலறையில் ஐஸ் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். வாசலில் வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. கேட் திறந்தது, மூடியது. போ, போய்த் தொலை என்று வாய்விட்டே சொன்னேன். காபிக்கு டிகாக்‌ஷன் போடலாம் என்று அடுப்பைப் பற்றவைத்தேன். பல வருஷம் கழித்து அன்றைக்குத்தான் எனக்காக மட்டும் ஒரு காபி போட்டேன் என்று நினைக்கிறேன். பால் பொங்கி வரும்போது குளியலறையிலிருந்து குரல் வந்தது, "டவல் எடு." அதற்கு மேல் எனக்குப் பால் பொங்கியது தெரியாது, அடுப்பு தெரியாது. மாடிக்கு ஓடினேன். உன் கட்டிலில் ஹெட்போன் கிடந்தது. அன்றைக்கு நாவலூரில் உனக்கு இன்டர்வியூ, உன் வண்டி பஞ்சர் என்று முந்தின நாள் நீ சொன்னது அப்போதுதான் உறைத்தது.

ஒன்பது தடவை கூப்பிட்டேன். ஓட்டிக்கொண்டிருக்கிறவன் எப்படி எடுப்பாய்? இப்போது நான் சொல்லப்போவதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம். டவலை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கொடுத்தேன். பிரேக் பிடிக்காது, பையன் போகிறான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த முரட்டு மனிதர் ஈரத் துண்டோடு ரோட்டில் ஓடியிருப்பார், கேம்ப் ரோடு சிக்னலில் கடை வைத்திருக்கிற அவர் சிநேகிதருக்குப் போன் போட்டு உன்னை மறித்திருப்பார். சொன்னால் என்னைக் கொன்றுவிடுவார் என்று வாயை மூடிக்கொண்டேன். உன் உயிரும் என் உயிரும் தராசில் நின்றபோது நான் என் பக்கம் உட்கார்ந்தேன். நீ பிறகு சொன்னாய், கேம்ப் ரோட்டிலேயே பிரேக் மெத்து மெத்து என்று இருந்தது, நேரமாகிவிட்டதே என்று பின் பிரேக்கை நம்பிப் போனேன் என்று. மேடவாக்கம் ஜங்ஷனில் தண்ணி லாரி சடக்கென்று நின்றது. முன் பிரேக்கை முழு பலத்தோடு பிடித்தாய், ஒன்றும் நடக்கவில்லை. பின் சக்கரம் வழுக்கி, வண்டி சாய்ந்து, உன் இடது கால் லாரியின் பம்பருக்கும் வண்டிக்கும் நடுவில் போனது. நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது உன் முழங்காலுக்குக் கீழே எலும்பு பேன்ட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. நர்ஸ் என் வீங்கின கையைப் பார்த்து என்னாச்சு என்றாள். ஓடி வரும்போது விழுந்துவிட்டேன் என்றேன். அது அன்றைய இரண்டாவது பொய்.

கம்பி வைத்து, கால் ஒன்றரை இஞ்ச் குட்டையாகி, ஊன்றுகோலோடு நீ வீட்டுக்கு வந்தாய். வந்த மூன்றாம் நாள் அதே ஊன்றுகோலைத் திருப்பிப் பிடித்து உன் அப்பாவை அடித்தாய். "தெரியாத வேலையில எதுக்குக் கை வச்சே" என்று கேட்டுக்கேட்டு அடித்தாய். தோளில் விழுந்தது, காதில் விழுந்தது, கடைசியில் புருவம் கிழிந்து முகமெல்லாம் ரத்தம். அந்த மனிதர் கையைக்கூடத் தூக்கவில்லை. நான் அலமாரிப் பக்கம் நின்று பார்த்தேன். தடுக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். ஒவ்வொரு அடியும் என் கணக்கில் சேர்ந்த மாதிரி இருந்தது. நீ மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகுதான் போய்த் துணி நனைத்துக் கொடுத்தேன். அன்றைக்கு அவரோடு பேச்சை விட்டவன் இன்றுவரை பேசவில்லை. வேலை கிடைத்ததும் நாவலூரிலேயே வீடு பார்த்துப் போய்விட்டாய்.

நீ போன பிறகு ஒரு விஷயம் நடந்தது, உன்னிடம் சொல்லவில்லை. அவர் என்னை அடிப்பதை நிறுத்திவிட்டார். ஒரு நாள்கூட, ஒரு தட்டுகூட இல்லை. பிள்ளை கையால் வாங்கியதில் திருந்திவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் காபி கொடுத்தால், "நீ முதல்ல குடி" என்பார். குழம்பு ஊற்றினால் நான் ஒரு வாய் சாப்பிடும்வரை தட்டைத் தொட மாட்டார். வயதானால் பாசம் வருகிறது போலிருக்கிறது என்று எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் பார்.

போன மாதம் நிவேதிதாவைக் கூட்டிக்கொண்டு என் பள்ளிக்கூடத்துக்கு வந்தாயே, கேன்டீனில் அவள் என் கையைப் பிடித்துப் பார்த்து, "ஆன்ட்டி, இந்த விரல் ஏன் இப்படி வளைஞ்சிருக்கு?" என்று கேட்டாள். இரும்பு கேட்டில் நசுங்கியது என்றேன். நீ பேச்சை மாற்ற, அவள் விடாமல் டாக்டரிடம் காட்டலாமே என்று இழுக்க, நீ அவள் மணிக்கட்டைப் பிடித்து, "போதும் விடு" என்றாய். மெதுவாகத்தான் சொன்னாய். ஆனால் நீ கையை எடுத்தபோது அவள் மணிக்கட்டில் உன் நாலு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. அந்தப் பெண் துப்பட்டாவை இழுத்து அதை மூடிக்கொண்டாள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், முந்தானையால். உன் அப்பாவை வெறுத்தாலே அவரைப் போல ஆகாமல் தப்பித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். தவறான காரணத்துக்கு வெறுக்கிறாய், அதனால் சரியான காரணம் உன் கைக்குள்ளேயே வளர்வது உனக்குத் தெரியவில்லை.

பத்திரிகையின் மாதிரி வந்த மறுநாள் காலையில் ஷெட்டுக்குப் போய் வண்டியின் உறையை உருவினேன். தூரத்துக் கடையொன்றில் உடைந்த பாகங்களை மட்டும் மாற்றி நிறுத்தியதோடு சரி, ஆறு வருஷமாக யாரும் தொடவில்லை. புது ஆயில் வாங்கினேன், டியூப் வாங்கினேன், வீடியோவைத் திரும்ப நாலு தடவை பார்த்தேன். இது தனி ஆளாக எனக்கு வருகிற வேலை இல்லை. உன் அப்பாவைக் கூப்பிட்டேன். எதற்கு இப்போது என்றார். சும்மாதானே நிற்கிறது, பிரேக்கில் ஏர் எடுக்கலாம் என்றேன். வந்து லிவரைப் பிடித்தார். இந்தத் தடவை நான் கீழே உட்கார்ந்தேன், ஸ்பேனர் என் கையில். டியூப் நுனியை ஆயிலில் முக்கிவைத்தேன். "விடாதீங்க, நான் சொல்றவரைக்கும் விடாதீங்க" என்று நட்டைத் திறந்தேன்.

மேலேயிருந்து அவர் சொன்னார், "நான் வுட மாட்டேன். அன்னிக்கு வுட்டது நீதான்."

ஸ்பேனர் அப்படியே நட்டில் நின்றது. கருப்பு ஆயில் டியூப்பில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தமிழில் ஒரு வீடியோ பார்த்தாராம். அதில் குமிழி பின்னால் ஏறினால் என்ன அர்த்தம் என்று சொன்னானாம். அன்றைக்குத் தன் கண் முன்னால் மூன்று தடவை அது ஏறியதைப் பார்த்துக்கொண்டே ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. அந்தப் பயத்தில்தான் காபியை முதலில் என்னைக் குடிக்கச் சொன்னது. பிள்ளை அடித்தபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ நினைப்பது மாதிரி பெருந்தன்மை ஒன்றும் இல்லை. "சொன்னா, அம்மா ஏன் வுட்டாங்கன்னு அவன் கேப்பான். ஸ்பேனர் கதையையும் சொல்லணும்" என்றார். என் கையில் ஸ்பேனர் இருந்தது, அவர் முழங்கால் என் முகத்துக்கு நேராக இருந்தது. ஒரே வீச்சில் அந்த முட்டிச் சில்லை உடைத்திருக்கலாம். அவரும் நகரவில்லை, லிவரையும் விடவில்லை. நான் நட்டை மூடினேன். "இப்ப விடுங்க" என்றேன்.

அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் போவதில்லை. நீ என்னை மன்னிக்க வேண்டும் என்றும் கேட்க மாட்டேன், அதைக் கேட்க எனக்கு வாய் கிடையாது. கேட்பது ஒன்றே ஒன்று. அவர் பெயரை எடுப்பதானால், என் விரலுக்காக எடு, நான் முழுக்கை போட்ட அத்தனை வருஷத்துக்காக எடு, அதை நிவேதிதாவிடம் சொல்லிவிட்டு எடு. உன் காலுக்காக எடுப்பதானால், எடுக்க வேண்டியது என் பெயரை. இந்தக் கடிதத்தை அவளும் படிக்கட்டும். இந்த வீட்டுக் கைகள் எப்படிப்பட்டவை என்று தெரிந்துகொண்டு, பிறகு கழுத்தை நீட்டுவதா வேண்டாமா என்று அவள் முடிவு செய்யட்டும். அவள் வேண்டாம் என்றால் அதற்கும் நீ கையை ஓங்காதே.

வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் அந்தக் கேம்ப் ரோடு மெக்கானிக்கிடமே காட்டினேன். உன் அப்பா பக்கத்தில் நின்று அவனிடம் மன்னிப்புக் கேட்டார், அவன் அவர் முகத்தைப் பார்க்காமல் லிவரை அமுக்கினான். "யாரு பண்ணதுக்கா? சோக்கா கீது, டயரை மட்டும் மாத்திக்கோ" என்றான். டயர் மாற்றியாகிவிட்டது. வியாழக்கிழமை காலை நாங்கள் இரண்டு பேரும் அந்த வண்டியிலேயே, அதே மேடவாக்கம் வழியாக, உன் வீட்டுக்கு வருகிறோம். ஸ்பேனர் கதையை அவர் தன் வாயால் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஹெல்மெட் இரண்டையும் துடைத்து வாசலில் வைத்திருக்கிறார். நீ கதவைத் திறக்காவிட்டால் வந்த வழியே திரும்பிவிடுவோம்.

பயப்படாதே. முன் பிரேக்கை இப்போதும் ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வந்து இதை எழுதுகிறேன். கல்லு மாதிரி இருக்கிறது. இந்தத் தடவை நிஜமாகவே.